பாஸ்வேர்டுப் பெட்டிக்குப் பின்னால் சேர்மன்

மாப்ள, சேதி வந்து சேந்துச்சு. ஆபீசுல உன்னைய பிராண்டிங் கமிட்டிக்குத் தலைவனாக்கிட்டாங்களாமா. உங்கம்மா போன்ல சொல்றப்பவே குரல்ல ஒரு மெதப்பு. "அண்ணா, இவன் சொல்ற நெறத்துலதான் இனி கம்பெனியே இருக்குமாம்"னா. நல்லதும்மான்னேன். அப்பறம் விசாரிச்சா, வெளியாளு பாக்கற வெப்சைட்டு, கேட்டு போர்டு, லாரிமேல எழுதற பேரு இதெல்லாம் வேற ஆளு கைலயாமா. உனக்குக் கெடைச்சது உள்பக்கம். லீவு எழுதற பக்கம், சம்பளச் சீட்டு பாக்கற பக்கம், ஸ்டோர்ல போல்ட்டு நட்டுக்கு இன்டென்ட் போடற பக்கம், எஸ்ஏபி, ஐடி ஹெல்ப்டெஸ்க்கு. இதுக்கெல்லாம் கம்பெனி நெறம், கம்பெனி எழுத்து, கம்பெனி லோகோ பூசோணும். எந்தக் கம்பெனில சோலி பாக்கறம்னு ஆளுகளுக்கு மத்தியானத்துக்கு மேல மறந்து போயிருதுபோல.

நான் மில்லு டைம் ஆபீசுல தலை நரைச்சவன். அட்டை குத்தற மெசின் காலத்துல இருந்து பாத்துட்டு வர்றேன். அந்த மெசின்மேல மொதலாளி பேரு எழுதியிருக்காது. அதுக்காக ஒருத்தனும் பக்கத்து மில்லுல போயி அட்டை குத்திட்டு வந்ததில்ல. இருந்தாலும் காலம் மாறிப்போச்சு, நீ செய்யி. மாமன் வேண்டாங்கமாட்டேன். எப்படிச் செஞ்சா உன்ற பேரு நெலைக்கும்னு மட்டும் சொல்றேன், கேட்டுக்க.

மொதல்ல லாகின் பக்கத்துல கைய வைப்பீங்க. எல்லாக் கமிட்டியும் அங்கதான் ஆரம்பிக்கும், ஏன்னா மேனேஜிங் டைரக்டர் நெசமாவே பாக்கற ஒரே பக்கம் அதுதான். அதுக்கு அப்பால அவருக்கு வேண்டியதை செகரட்டரி பிரிண்ட் எடுத்துக் குடுத்துருவாங்க. உங்க ஆபீசு மைக்ரோசாஃப்ட்டுங்கறதுனால அவங்களே எடம் ஒதுக்கி வெச்சிருக்காங்க. பின்னணிப் படம் 1920க்கு 1080 பிக்சல், 300 கிலோபைட்டுக்குள்ள. லோகோ 245க்கு 36 பிக்சல், 50 கிலோபைட்டுக்குள்ள. உங்க மார்க்கெட்டிங் ஆளுக ட்ரோன்ல எடுத்த 20 எம்பி படத்தை அனுப்பிட்டு, "குவாலிட்டி கொறையக் கூடாது"ன்னு மெயில் போடுவாங்க. அதைச் சுருக்கறதுக்கே ரெண்டு மீட்டிங் ஆகும். காபிச் செலவு தனி.

எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆபீசுல அந்தப் படத்துக்கு சேர்மனையே நிக்க வெச்சாங்க. வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, பின்னால ஃபேக்டரி. படம் ஜோரா இருந்துச்சு. ஏத்துனதுக்கு அப்பறந்தான் தெரிஞ்சுது, யூசர் ஐடி கேக்கற வெள்ளைப் பெட்டி திரைக்கு நட்ட நடுவுல வந்து உக்காரும். சேர்மனுக்கு இந்தப் பக்கம் ஒரு காது, அந்தப் பக்கம் ஒரு காது, நடுவுல பாஸ்வேர்டு. தெனமும் காலைல அத்தனை சனமும் அவரு வாயில பாஸ்வேர்டை அடிச்சுட்டு உள்ள போச்சு. தப்பா அடிச்சா அவரு மூக்குக்கு நேரா செவப்பு எழுத்துல எச்சரிக்கை வரும். சொல்றதுக்கு ஒருத்தனுக்கும் தகிரியமில்ல. அப்பறம் அவரை இடது பக்கமா நகத்துனாங்க. பெரிய மானிட்டர்ல நல்லா நின்னாரு, லேப்டாப்புல மறுபடியும் பெட்டிக்குப் பின்னால போயிட்டாரு. இத்தனைக்கும், நடுவுல முக்கியமான உருவம் இருக்கற படம் வேண்டாம், வெள்ளைப் பெட்டி மறைக்கும்னு மைக்ரோசாஃப்ட்டுக்காரன் தன்ற கையேட்டுலயே எழுதி வெச்சிருக்கான். கையேட்டைப் படிக்கறது கமிட்டி வேலையில சேராதே. கடைசில வெறும் ஆகாசத்தைப் போட்டாங்க. சேர்மன் வருத்தப்படல. அவரு லாகின் பண்றதே இல்ல.

ஆனா ஒண்ணு, கேலி பண்றதுக்காக நெசத்தை மறைக்கக் கூடாது. லாகின் பக்கத்துல கம்பெனி அடையாளம் இருக்கறதுல ஒரு காரியம் உண்டு. திருட்டு மெயில்ல வர்ற லிங்க்கைத் தட்டுனா பொத்தாம்பொதுவா ஒரு மைக்ரோசாஃப்ட் பக்கம் வரும். நம்ம பக்கத்துல நம்ம லோகோ இருந்துச்சே, இதுல காணமேன்னு ஒருத்தன் சித்த நேரம் தயங்குனாக்கூட லாபந்தான். இதை வெச்சுட்டு மேடையேறி, "லோகோ இருந்தா நம்ம பக்கம், நம்பி அடிங்க"ன்னு மட்டும் சொல்லிப்போடாத. இன்னைக்குத் திருடனுக நெசப் பக்கத்தையே நடுவுல நின்னு வாங்கி உனக்குக் காட்டறானுக. நீ ராப்பகலா ஒக்காந்து தேர்ந்தெடுத்த ஆகாசமும் லோகோவும் அப்படியே அவன் பக்கத்துலயும் வரும், ஒரு பிக்சல் கொறையாம. மேல இருக்கற முகவரியப் பாக்கச் சொல்லு. முடிஞ்சா பாஸ்கீ, செக்யூரிட்டி கீ வாங்கிக் குடுக்கச் சொல்லு. அது முகவரி மாறுனா வேலை செய்யாது, லோகோவுக்கு மயங்கவும் தெரியாது.

அடுத்தது நெறம். இங்கதான் மாப்ள உன்ற வீரத்தைக் காட்டுவ. உங்க கம்பெனி நெறம் ஆரஞ்சு. பிராண்டு புஸ்தகத்துல பொத்தான் ஆரஞ்சு, அதுமேல எழுத்து வெள்ளைன்னு போட்டிருக்கும். நாலடி ஃப்ளெக்ஸ்ல அது பளிச்சுன்னு இருந்திருக்கும், நான் இல்லைங்கல. ஸ்டோர் கீப்பரோட பழைய மானிட்டர்ல, ஜன்னல் வெயில் மேல அடிக்கறப்ப, வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டு அவரு பாக்கறப்ப என்ன ஆகுதுன்னு அந்தப் புஸ்தகம் எழுதுனவன் பாத்ததில்ல. இதுக்குக் கணக்கே இருக்குது. வெப் பக்கங்களுக்கு நெறி வகுக்கற டபிள்யூ3சி, சாதாரண எழுத்துக்கும் அதோட பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் 4.5க்கு 1 ஆச்சும் இருக்கோணும்னு வெச்சிருக்குது. பெரிய எழுத்துன்னா 3 போதும். வெள்ளைமேல கருப்பு 21. வழக்கமான ஆரஞ்சுமேல வெள்ளை 2ஐக்கூடத் தொடாது. சுத்த மஞ்சள்மேல வெள்ளை 1.07, அதாவது எழுதறதும் எழுதாம உடறதும் ஒண்ணு. இதைக் கணக்குப் போட்டுக் காட்டற பக்கம் இன்டர்நெட்டுல ஓசிலயே கெடைக்குது. மீட்டிங்குக்கு முன்னால போட்டுப் பாத்துட்டுப் போ. அங்க போயி, "எனக்குக் கண்ணு கூசுது"ன்னு சொன்னா உன்னையத்தான் டாக்டர்கிட்டப் போகச் சொல்லுவாங்க. நம்பரைச் சொன்னா வாயடைச்சுப் போவாங்க.

செவப்பு லோகோ வெச்ச கம்பெனிகளை நெனைச்சாத்தான் எனக்குப் பரிதாபமா இருக்குது. மேல பட்டை செவப்பு, பொத்தான் செவப்பு, தலைப்பு செவப்பு. சேமிக்கறதும் செவப்பு, அழிக்கறதும் செவப்பு. நெசமாவே தப்பு நடந்து எச்சரிக்கை வர்றப்ப அதுக்குன்னு நெறம் மிச்சமில்ல. சரக்கு தீந்துபோச்சுங்கற செவப்பையும் மொதலாளி பாட்டன் காலத்துச் செவப்பையும் ஒருத்தன் எப்படிப் பிரிச்சுப் பாப்பான்? பத்தாததுக்கு, செவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாத ஆம்பளைக ஐரோப்பிய வம்சத்துல 12 பேருக்கு ஒருத்தர்ங்கறாங்க. நம்ம பக்கத்துல அதைவிடக் கொஞ்சம் கம்மி, ஆனா உன்ற டிபார்ட்மெண்டுல ஒருத்தன் கண்டிப்பா இருப்பான், வெளிய சொல்லியிருக்கமாட்டான். நெறத்தோட கூட ஒரு வார்த்தையும் போடு. "தப்பு"ன்னு எழுத எவ்வளவு எடம் புடிக்கப் போகுது?

நம்ம பட்டிப் பொங்கலுக்குக் காங்கேயங்காளைக்கு என்ன செய்யறம்? கொம்பைச் சீவி வர்ணம் அடிக்கறம், கழுத்துல சலங்கை கட்டறம். கண்ணுல ஒருத்தனும் பெயிண்டை ஊத்தறதில்ல, ஏன்னா மறுநாள் அது வண்டி இழுக்கோணும். திரைக்கு மேல ஒரு பட்டை, மூலைல லோகோ, இது கொம்பு. அடி, உனக்குப் புடிச்ச நெறத்துல அடி. அதுக்குக் கீழ ஆளு எழுதற எடம், படிக்கற எடம், எண்ணுக நிக்கற கட்டம், அது கண்ணு. வெள்ளைல கருப்பா உட்டுரு.

அந்த மேல் பட்டைக்கு ஒரு நல்ல உபயோகமும் சொல்றேன். உங்க எஸ்ஏபில மூணு ஊடு இருக்கும்: டெவலப்மெண்ட், குவாலிட்டி, புரொடக்சன். மொத ரெண்டும் ஒத்திகை, மூணாவது நெசம். மூணும் பாக்கறதுக்கு அச்சு அசலா ஒண்ணு. ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனி நெறம் வெச்சுக்க எஸ்ஏபி திரையிலயே வசதி குடுத்திருக்காங்க. வெவரமான பழைய ஆளுக புரொடக்சனை மட்டும் கண்ணை உறுத்தற நெறத்துல வெச்சுக்குவாங்க. கை எந்த ஊட்டுல இருக்குதுன்னு மூளைக்கு முன்னால கண்ணு சொல்லிரும். நீ புதுசா வந்து, "மூணும் நம்ம ஆரஞ்சுலதான் இருக்கோணும், இல்லைன்னா பிராண்டு ஒடஞ்சு போயிரும்"னு சர்க்குலர் அனுப்புனயின்னா, ஒரு நாள் சாயங்காலம் ஒத்திகைன்னு நெனைச்சு ஒரு பையன் நெச வெலைப் பட்டியலை மாத்தி உட்டுருவான். அன்னைக்கு நைட்டு அந்தப் பையன் ஊட்டுக்குப் போகமாட்டான். சர்க்குலர் போட்டவன் போயிருவான்.

உள்ளுக்குள்ள இருக்கற திரைதானே, அழகு பாத்தாப் போதும்ங்கறவங்களுக்கு சிட்டி பேங்க் கதையச் சொல்லு. 2020 ஆகஸ்ட் 11. ரெவ்லான்னு ஒரு ஒதட்டுச்சாயக் கம்பெனிக்குக் கடன் குடுத்தவங்களுக்கு 78 லட்சம் டாலர் வட்டி மட்டும் அனுப்போணும். ஃப்ளெக்ஸ்க்யூபுன்னு ஒரு சாஃப்ட்வேரு. அதோட வேரே சிட்டி பேங்க் இந்தியாவுல வெச்சிருந்த கம்பெனிதான், இப்ப ஆரக்கிள்கிட்ட இருக்குது. வட்டி மட்டும் வெளிய போகோணும், மொதல் பேங்க்குக்குள்ளயே நிக்கோணும்னா அந்தத் திரைல மூணு கட்டத்துல டிக் பண்ணோணும்: பிரின்சிபல், ஃப்ரண்ட், ஃபண்ட். பிரின்சிபல்னா மொதல், அதுல டிக் பண்ணுனாப் போதும்னு நெனைச்சாங்க. ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல மாப்ள, மூணு பேரு பாத்துச் சரின்னு அனுப்புன காயிதம் அது. கெட்டது காரியம். மொத்தக் கடனும், கிட்டத்தட்ட 90 கோடி டாலர், வெளிய போயிருச்சு. வாங்குனவங்கள்ல கொஞ்சப் பேரு திருப்பிக் குடுத்தாங்க. 50 கோடி டாலர் அளவுக்கு வாங்குனவங்க குடுக்கமாட்டோம்னுட்டாங்க, சிட்டி பேங்க் கோர்ட்டுக்குப் போச்சு. 2021 பிப்ரவரில, அவங்களே வெச்சுக்கலாம்னு நியூயார்க் ஜட்ஜு தீர்ப்புச் சொன்னாரு. மேல்கோர்ட்டு அதைத் திலுப்ப 2022 செப்டம்பர் ஆயிருச்சு. அந்தத் திரைக்கு மேல சிட்டி பேங்க் லோகோவைத் தங்க முலாமே பூசி வெச்சிருந்தாலும் ஃப்ரண்டுன்னா என்ன, ஃபண்டுன்னா என்னன்னு அது சொல்லியிருக்காது. உன்ற கமிட்டிக்குக் குடுத்த காசுல பத்துல ஒரு பங்கை எடுத்து, கட்டத்துக்குப் பக்கத்துல மனுசனுக்குப் புரியற மாதிரி ரெண்டு வரி எழுத வெச்சா நீதான் கம்பெனியக் காப்பாத்துன குலதெய்வம். ஆனா அதுக்கு விருது தரமாட்டாங்க. எழுதுனது ஒருத்தர் கண்ணுக்கும் உறுத்தாது, எல்லாம் சரியாப் போயிட்டு இருக்கும்.

எழுத்து வேற இருக்குதே. வெளிநாட்டு டிசைனரு வரைஞ்ச கம்பெனி ஃபாண்ட்டு, லைசன்ஸ் காசு குடுத்து வாங்குனது. போஸ்டர்ல பாத்தா அம்சமா இருக்கும். அதுல ஒண்ணும், சின்ன எல்லும், பெரிய ஐயும் ஒரே குச்சி. சைபரும் ஓவும் ஒரே முட்டை. ஸ்டோர்ல பார்ட் நம்பரு பாத்து பேரிங் எடுக்கறவன் தலையெழுத்து அந்தக் குச்சிக்குள்ள இருக்குது. சம்பளச் சீட்டுல இன்னொரு கூத்து. எண்ணுக எல்லாம் ஒரே அகலத்துல இல்லைன்னா, ஒண்ணு ஒல்லியா, எட்டு குண்டா, பத்தாம் எடமும் நூறாம் எடமும் வரிசை மாறி நிக்கும். கூட்டிப் பாக்கற ஆளு கோணலா எழுதி வெச்ச பள்ளிக்கூட நோட்டைத் திருத்தற வாத்தியாராப் போயிருவான். தமிழ்ல பேரு எழுதலாம்னு எச்ஆர் ஆசையா ஒரு வசதி வெச்சிருந்தா, அந்த ஃபாண்ட்டுல தமிழே இருக்காது. குப்புசாமிங்கற பேரு வெறும் கட்டங்கட்டமா வந்து நிக்கும். அவருகிட்டப் போயி, "இது நம்ம பிராண்டு எழுத்துங்க"ன்னு நீயே சொல்லு, நான் வரலை.

டேலில சோலி பாக்கற பசங்களப் பாத்திருக்கயா? ஆடிட்டர் ஆபீசுல வவுச்சரு அடிக்கற புள்ளைக எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல்னு திரையப் பாக்காமயே தட்டுவாங்க. வெரலுக்குத் தெரியும். நீ வந்து அழகுக்காகப் பொத்தானை இந்த மூலைல இருந்து அந்த மூலைக்கு நகத்துனா, போனது ஒரு பொத்தானில்ல, அத்தனை பேரு வெரல்ல இருந்த வித்தை. அதைத் திரும்பக் கத்துக்கற மாசத்துல ஜிஎஸ்டி தாக்கல் தேதி வந்து நிக்கும். நீ அப்ப கோவாவுல பிராண்டு கான்பரன்ஸ்ல இருப்ப.

சாஃப்ட்வேரை உள்ள கிழிச்சு வர்ணம் பூசறதுக்கு இன்னொரு தண்டனை இருக்குது. ஷேர்பாயிண்ட் 2010, 2013 காலத்துல மாஸ்டர் பேஜுன்னு ஒண்ணைப் புடிச்சு எத்தனையோ கம்பெனிக லட்சக்கணக்குல செலவு பண்ணி வேசம் கட்டுனாங்க. ஷேர்பாயிண்ட்டுன்னே தெரியாதுங்கறது அன்னைக்குப் பெரிய பாராட்டு. அப்பறம் மாடர்ன் பக்கம்னு வந்துச்சு. அதுல அந்த மாஸ்டர் பேஜு எதுவும் எடுபடாது. கட்டுன வேசத்தைக் கழட்ட இன்னொரு புராஜெக்ட்டு, இன்னொரு பில்லு. இன்னைக்கு சேல்ஸ்ஃபோர்ஸ்காரன் வருசத்துக்கு மூணு தடவை தன்ற சரக்கை மாத்தறான். மாத்தறப்ப உங்க பசங்க ஒட்டு வேலையா எழுதி வெச்ச சிஎஸ்எஸ் எங்க பேந்து விழும்னு தெரியாது. தீமுன்னு அவனே குடுக்கற எடத்துல நெறத்தை மாத்து, லோகோவை ஏத்து, கைய எடுத்துரு. அது அவன் பொறுப்பு, ஒடைஞ்சா அவன் பாப்பான். கோடுக்குள்ள கைய உட்டா அது உன்ற பொறுப்பு.

பேரு வெக்கற ஆசையும் வரும், சொல்லிப்புட்டேன். லீவு பக்கத்துக்கு "பல்ஸ்", பயணப் பில்லுக்கு "உடான்", குறை சொல்றதுக்கு "ஸ்பார்க்"குன்னு வெப்பீங்க. புதுசாச் சேர்ந்த புள்ளை தேடற பெட்டில "லீவு"ன்னு அடிச்சா ஒண்ணும் வராது. பக்கத்து சீட்டுக்காரன்கிட்டக் கேட்டுத்தான் லீவு போடும். வேணும்னா பேரு வெய்யி, கீழ சின்னதா லீவுன்னும் எழுது.

இவ்வளவும் சொன்னதுக்கு, அப்ப கமிட்டில நான் என்னத்தத்தான் செய்யறதுன்னு கேப்ப. அங்க சும்மா இருக்கக் கூடாது, சும்மா இருந்தா வேற ஒருத்தனைப் போட்டு எல்லாத்தையும் ஆரஞ்சாக்கிருவாங்க. பிரசண்டேசன் ஒண்ணு தயார் பண்ணு. முன்னால, பின்னாலன்னு ரெண்டு படம். முன்னாலங்கற படத்தை மங்கலாப் புடி. லாகின் பக்கத்துல ஆகாசம், மேல ஒரு பட்டை, 36 பிக்சல் ஒசரத்துல லோகோ. புரொடக்சனுக்கு மட்டும் தனிப் பட்டை நெறம், அதுக்கு "ஆபரேசனல் கலர் சிக்னேச்சர்"னு வாய் கொள்ளாத ஒரு பேரு வெய்யி, உடனே ஒத்துக்குவாங்க. எழுத்துத் தெளிவுக்கு 4.5ங்கற நம்பரைக் கடைசி ஸ்லைடுல பெருசாப் போடு. மத்ததெல்லாம் இரண்டாம் கட்டம்னு எழுது. இரண்டாம் கட்டம் வர்றதுக்குள்ள மேனேஜிங் டைரக்டர் மாறியிருப்பாரு, இல்லைன்னா லோகோவே மாறியிருக்கும். 2020 ஏப்ரல் 1ஆம் தேதி பத்து அரசு பேங்க்கை நாலாச் சேத்தாங்களே, ஆந்திரா பேங்க், கார்ப்பரேசன் பேங்க்னு எத்தனை பேரு போர்டுல இருந்தே எறங்கிருச்சு. போர்டை எறக்கறது ஒரு நாள் சோலி, உள்ள இருக்கற கம்ப்யூட்டர் கணக்கை ஒட்டுக்காச் சேக்கறதுக்குத்தான் மாசக்கணக்கா ஆளுக தூங்காம இருந்தாங்க. அன்னைக்குத் திரைல ஆழமா வர்ணம் பூசி வெச்சிருந்தவன் நெலமை என்ன ஆயிருக்கும்னு நெனைச்சுப் பாரு.

காசு மிஞ்சும். மிஞ்சுனதைத் திருப்பிக் குடுக்காத, அடுத்த வருசம் கொறைச்சுப்போடுவாங்க. ஸ்டோர்ல அந்தப் பழைய மானிட்டரு இருக்குதே, எந்த நெறத்தைப் போட்டாலும் சாம்பலாக் காட்டுமே, அதைத் தூக்கிப்போட்டுட்டு நல்லதா ஒண்ணு வாங்கிக் குடு. பிராண்டிங் செலவுன்னே எழுதிக்க. ஆடிட்டரு கேட்டாருன்னா அதுக்குப் பின்னால கம்பெனி ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டி உட்டுரு. செவுத்தைப் பாத்துட்டு இருக்கட்டும்.